ஓடும்போது வயிறு இழுத்துப் பிடித்தால் என்ன செய்வது

முதலில் நில்லுங்கள். ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, ஜிம்மில் எடை தூக்கிக்கொண்டிருந்தாலும் சரி, வயிற்றில் சுள்ளென்று குத்தியதும் வேகத்தைக் குறைத்து நின்றுவிட வேண்டும். நீச்சல் குளத்தில் என்றால் ஓரத்துக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘இந்த ஒரு சுற்றை முடித்துவிட்டு நிற்கிறேன்’ என்பது வேண்டாம். நின்றதும் மணி பாருங்கள்.

நான் பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் செவிலியராக வேலை பார்க்கிறேன். காலை ட்யூட்டி இல்லாத நாட்களில் அல்சூர் ஏரிக்கரையில் ஓடுவேன். கூட ஓடுபவர்களும் எங்கள் தெருக்காரர்களும் வயிற்றுவலி என்றால் என்னிடம்தான் முதலில் வருவார்கள். ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது, ‘நின்ற பிறகு வலி என்ன ஆச்சு?’ என்பதுதான். அந்தப் பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நின்ற சில நிமிடங்களில் வலி இறங்க ஆரம்பித்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் இருந்த இடம் தெரியாமல் போனால் பெரும்பாலும் பயமில்லை. அரை மணி நேரம் ஆகியும் அப்படியே இருந்தால், ‘ஓடினதால் வந்த பிடிப்புதான்’ என்று சொல்லிக்கொண்டு வீட்டில் படுக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நின்ற பிறகும் ஏறிக்கொண்டே போகிற வலிக்கு அந்த அரை மணி நேரமும் கொடுக்காதீர்கள்.

விலாவுக்குக் கீழே குத்தினால்

அதிகம் பேருக்கு வருவது இதுதான். விலா எலும்பு முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, பெரும்பாலும் வலப்பக்கம், ஊசி குத்துவது போலவோ இழுத்துப் பிடிப்பது போலவோ இருக்கும். சிலருக்கு அதே பக்கத் தோள்பட்டை நுனியிலும் வலிக்கும். ஆஸ்திரேலியாவில் டேரன் மோர்ட்டன், ராபின் காலிஸ்டர் என்ற இருவர் இந்த வலியைப் பல வருடங்களாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கணக்குப்படி ஓடுபவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் ஒரு தடவையாவது இது வருகிறது. நீச்சலிலும் குதிரைச் சவாரியிலும் அதிகம். சைக்கிளில் குறைவு, ஏனென்றால் அதில் உடம்பு அவ்வளவாகக் குலுங்குவதில்லை.

காரணம் இதுதான் என்று இன்னும் ஒரே முடிவுக்கு யாரும் வரவில்லை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற மூச்சுத் தசையான உதரவிதானத்துக்கு ரத்தம் போதாமல் வருகிறது என்று முன்பு சொன்னார்கள். வயிற்றின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு உரசி எரிச்சல் அடைவதால் வருகிறது என்பது இப்போது அதிகம் ஏற்கப்படுகிற விளக்கம். வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு ஓடினால் ஏன் அதிகமாக வருகிறது என்பதும் இதில் பொருந்திப்போகிறது.

வந்துவிட்டால் இப்படிச் செய்யுங்கள். நின்று, வலிக்கிற இடத்தில் மூன்று விரல்களை வைத்து உள்ளே மெதுவாக அழுத்துங்கள். அழுத்தியபடியே இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் குனியுங்கள். மூக்கு வழியாக மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான காபியை ஊதுகிற வேகத்தில் நிதானமாக வெளியே விடுங்கள். ஏழெட்டு மூச்சு போதும். அப்புறம் நிமிர்ந்து, வலிக்கிற பக்கத்துக் கையை மேலே தூக்கி, எதிர்ப்பக்கம் சாய்ந்து அந்த விலாவை நீட்டி விடுங்கள். வலி முழுக்க விட்டதும் சிறிது தூரம் நடந்துவிட்டு மெதுவாக ஓட ஆரம்பிக்கலாம். இரண்டாவது தடவையும் பிடித்தால் அன்றைக்கு ஓட்டம் போதும், நடந்தே வீட்டுக்குப் போங்கள்.

அடிக்கடி இதே இடத்தில் பிடிக்கிறது என்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கூன் போட்டு ஓடுகிறீர்களா என்று யாரையாவது பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள். முதுகு வளைந்திருப்பவர்களுக்கு இந்த வலி அதிகம் என்று ஆய்வுகளிலும் தெரிகிறது. நாள் முழுக்க லேப்டாப் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் அதை நான் நிறையவே பார்க்கிறேன். இன்னொன்று சாப்பாடு. அதைத் தனியாகவே சொல்ல வேண்டும்.

ஓடுவதற்கு முன் வயிற்றில் என்ன இருக்கிறது

முழுச் சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். எண்ணெயும் நெய்யும் அதிகம் சேர்ந்தது வயிற்றை விட்டு இறங்க இன்னும் நேரம் எடுக்கும். காராபாத், கேசரிபாத், மசால் தோசை எல்லாம் ஓடி முடித்த பிறகுக்கு. லால்பாக் பூங்காவில் ஓடுபவர்கள் பலர் முடித்ததும் பக்கத்து டிபன் கடைக்குப் போகிறார்கள். அந்த வரிசை சரியான வரிசை. சாப்பிட்ட கையோடு பாறை மேட்டில் ஏறி இறங்குவதுதான் ஆகாது.

விடியற்காலை ஓட்டத்துக்கு வெறும் வயிறு ஒத்துக்கொள்கிறவர்கள் தாராளமாக அப்படியே ஓடலாம். தலை சுற்றும் என்பவர்கள் அரை வாழைப்பழமோ, பல் படாமல் குடிக்கிற பதத்தில் உப்புப் போட்ட ராகிக் கஞ்சி கொஞ்சமோ எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் விடுங்கள். சுண்டல், முளைகட்டிய பயறு, முதல் நாள் ராத்திரி ராஜ்மா, இவற்றில் நார்ச்சத்து நல்லதுதான், ஆனால் ஓட்டத்துக்கு முன்னால் வாயு பிடிக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் காலையில் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு ஓடினால் பாதி வழியில் கழிப்பறை தேட வேண்டியிருக்கும். காபியும் குடலைத் தூண்டும். காபி குடித்தே தீர வேண்டும் என்றால் சீக்கிரம் எழுந்து, குடித்து, வயிற்றைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும் சில புரோட்டீன் பார்களிலும் சார்பிடால் என்ற இனிப்புப் பொருள் இருக்கும். அது வயிற்றைக் கலக்கிவிடும், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

குடிக்கிற விஷயத்தில், சர்க்கரை அதிகமான எதுவும் இந்தப் பிடிப்பைக் கூட்டும். கரும்புச்சாறு, பாட்டில் ஜூஸ், சர்க்கரை தூக்கலான எலுமிச்சை ஜூஸ், இவற்றை ஓட்டத்துக்கு முன்னாலும் நடுவிலும் தவிருங்கள். தண்ணீரையும் மடக் மடக்கென்று அரை லிட்டர் குடித்துவிட்டு ஓடாதீர்கள். வாய் வாயாக, அடிக்கடி, கொஞ்சமாக. நீண்ட ஓட்டத்துக்கு, பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் கலந்த ஓஆர்எஸ் நல்லது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது சோடியம் என்பதால் நீண்ட ஓட்டத்துக்கு இளநீர் மட்டும் போதாது.

குடல் முறுக்கினால்

பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவர்களுக்கு வேறு ஒரு வலி வரும். தொப்புளைச் சுற்றியோ அடிவயிற்றிலோ முறுக்கும், அவசரமாகக் கழிப்பறைக்குப் போகத் தோன்றும், பேதியும் ஆகலாம். கடுமையாக ஓடும்போது உடம்பு ரத்தத்தைக் கால்களுக்கும் தோலுக்கும் திருப்பிவிடுகிறது. குடலுக்குப் போகிற ரத்தம் 80 சதவீதம் வரைகூடக் குறையலாம். வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் சேர்ந்தால் இன்னும் மோசம். இங்கே 2008 முதல் நடக்கிற 10 கிலோமீட்டர் ஓட்டம் கோடையில்தான் வரும். ‘பெங்களூரில் என்ன வெயில்’ என்று நினைத்துத் தயாராகாமல் வருகிறவர்கள் அன்றைக்குத்தான் கஷ்டப்படுகிறார்கள்.

நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, வாய் வாயாக ஓஆர்எஸ் குடித்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். முறுக்கு இடையிடையே விட்டு, மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தால் மட்டும் அந்த நேரத்தைக் கொடுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால், ஒரே ஒரு தடவை என்றாலும், மருத்துவரிடம் காட்டுங்கள். ‘மூலமாக இருக்கும்’ என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

ஒரு பழக்கத்தை நான் எங்கே பார்த்தாலும் தடுக்கிறேன். முழங்கால் வலிக்கக் கூடாது என்று ஓட்டத்துக்கு முன்னாலேயே ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையைப் போட்டுக்கொள்வது. ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும் குடலையும் இரைப்பையையும் அது இன்னும் புண்ணாக்கும். தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தையும் பாதிக்கும். முழங்கால் வலித்தால் ஓய்வு கொடுங்கள்; மாத்திரை போட்டு ஓடாதீர்கள்.

சதையா, உள்ளேயா?

ஜிம்மில் சிட்-அப், டெட்லிஃப்ட் செய்பவர்களுக்கு வயிற்றுச் சதையே இழுத்துக்கொள்ளும். மறுநாள் இருமினால், சிரித்தால், படுக்கையிலிருந்து எழுந்தால் வலிக்கும். இதை வீட்டிலேயே ஓரளவுக்குத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. மல்லாந்து படுங்கள். வலிக்கிற இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் கண்டுபிடித்து விரலை அங்கேயே வைத்திருங்கள். இப்போது கையை ஊன்றாமல் தலையையும் தோளையும் தரையிலிருந்து சற்றே தூக்குங்கள். வயிற்றுச் சதை இறுகும். அப்போது விரலுக்கடியில் வலி கூடினால் கோளாறு பெரும்பாலும் சதையில் இருக்கிறது. வலி குறைந்தால், இறுகிய சதை உள்ளே இருப்பதை மறைத்துக் காக்கிறது என்று பொருள். அப்படியானால் மருத்துவர் பார்க்க வேண்டும். இது நூற்றுக்கு நூறு சரியான சோதனை அல்ல. காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் இதைச் செய்துகொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம்.

சதைப்பிடிப்பு என்றால் முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், அப்புறம் ஓய்வு. எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவிவிடாதீர்கள், கிழிந்த சதைக்கு அது கெடுதல். ரொம்ப நாள் விட்டு ஜிம்முக்குப் போய் ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்தவர்களுக்கு, உடம்பெல்லாம் தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் அது தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிற நிலையாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எடை தூக்கும்போது தொடை இடுக்கிலோ தொப்புளருகிலோ புடைப்பு வந்து, படுத்தால் உள்ளே போனால் அது குடலிறக்கம், ஹெர்னியா. அவசரமில்லை என்றாலும் அறுவை மருத்துவரைப் பார்க்காமல் மறுபடி எடையைத் தொடக் கூடாது. அந்தப் புடைப்பு கல் மாதிரி இறுகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியுமாக இருந்தால் குடல் சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தித் தள்ளப் பார்க்காமல் அப்படியே கிளம்புங்கள்.

காத்திருக்கக் கூடாத வலிகள்

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, ஏரிக்கரையில் தினமும் நடக்க வருகிற அண்ணன் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து மேல்வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. “வாயுதான் சிஸ்டர், ஒரு சோடா குடிச்சா ஏப்பம் வந்துடும்” என்றார். கையைப் பிடித்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. மழை விட்ட குளிர்ந்த காலை, அவர் உட்கார்ந்தும் நேரமாகிவிட்டது, ஆனாலும் சட்டை காலர் வரை நனைந்து ஒட்டியிருந்தது. நடந்து முடித்தவரின் வியர்வை உட்கார்ந்ததும் காய ஆரம்பிக்கும். அவருக்கு அப்போதுதான் புதிதாக வழிந்துகொண்டிருந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டோம். ஈசிஜியில் இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு என்று தெரிந்தது. அடைப்பை நேரத்தோடு எடுத்துவிட்டார்கள், இப்போது மறுபடியும் நடக்க வருகிறார்.

2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்த பிறகு, நெஞ்சுவலி என்றால் இந்த ஊரில் எல்லோரும் பதறுகிறார்கள். அதே மாரடைப்பு மேல்வயிற்று வலியாக வந்தால் சோடாவும் ஈனோவும் வாங்கப் போகிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், புகைப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், நினைவில் வையுங்கள்: நடக்கும்போதோ ஓடும்போதோ மேல்வயிற்றில் அழுத்தமும், கூடவே குளிர்ந்த வியர்வையோ மூச்சுத் திணறலோ தாடை, இடது கை வலியோ வந்தால் முதலில் ஈசிஜி. நடக்கும்போது வந்து நின்றால் போகிற அழுத்தத்தையும், ஒவ்வொரு தடவையும் அப்படியே நடந்தால், இதயப் பரிசோதனை செய்த பிறகுதான் பயமில்லை என்று விட வேண்டும். இந்த ஒரு வலிக்கு மட்டும் ‘நின்றால் போய்விடுகிறதே’ என்று நிம்மதி அடையக் கூடாது.

பையன்களைப் பெற்றவர்கள் அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். கால்பந்து, கபடி ஆடிவிட்டு வந்த வளரிளம் பிள்ளை திடீரென்று அடிவயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்து வாந்தியும் எடுத்தால், விதைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். வெட்கத்தில் பிள்ளைகள் ‘வயிறு’ என்று மட்டும்தான் சொல்வார்கள். கேஷுவாலிட்டியில் நான் அம்மாவை ஒரு நிமிஷம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “தம்பி, கீழே வலிக்குதா? ஒரு பக்கம் வீங்கியிருக்கா?” என்று நேராகக் கேட்பேன். அப்போதுதான் தலையாட்டுவான். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், தாமதமாக ஆக அந்த வாய்ப்பு வேகமாகக் குறையும். இரவெல்லாம் பார்த்துவிட்டுக் காலையில் போகலாம் என்ற பேச்சே கூடாது. அப்பாவோ மாமாவோ இதை விளையாடப் போகும் வயதிலேயே பையனிடம் சொல்லி வைக்க வேண்டும்.

பெண்களுக்கும் அதே மாதிரி சினைப்பை முறுக்கிக்கொள்ளும், ஏற்கெனவே நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு முக்கியமாக. ஒரு பக்க அடிவயிற்றில் சட்டென்று கடுமையான வலி, வாந்தி, இதுதான் அடையாளம். மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும்போது ஒரு பக்க வலி, தலைசுற்றல், தோள் நுனி வலி என்று சேர்ந்து வந்தால் கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். திருமணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் மருத்துவரிடம் தேதியை மறைக்காமல் சொல்லுங்கள். தேதி கேட்பது சிகிச்சைக்காக மட்டும்தான். சொல்லத் தயங்கும் அந்த நேரத்தில் உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கும்.

தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, நடந்தாலும் இருமினாலும் சுரீரென்று குத்தி, பசியே இல்லாமல் போனால் அப்பெண்டிக்ஸ். முதுகின் பக்கவாட்டிலிருந்து தொடை இடுக்குக்கு இறங்கி, எப்படிப் படுத்தாலும் இருக்க முடியாமல் புரள வைப்பது சிறுநீரகக் கல். கல் வலியோடு காய்ச்சலும் குளிரும் இருந்தால் அதுவும் அவசரமே.

டெங்கு, டைபாய்டு, மலேரியா வந்து தேறியவர்களுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கலாம். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை ஓட்டமும் எடையும் பந்தாட்டமும் வேண்டாம். சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்திய பிள்ளைகள் விழுந்தவுடன் எழுந்து ஓடுவார்கள். மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருந்தால் வலி சில மணி நேரம் கழித்தும் வரலாம். முகம் வெளுத்து, வயிறு பலகை மாதிரி இறுகினால் அது எந்தக் காரணத்தால் வந்த வலியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

கிளம்பும்போது

கர்நாடகாவில் ஆம்புலன்சுக்கு 108. கன்னடம் சரளமாக வராவிட்டாலும் தயங்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் ஃபோனைக் கொடுத்து இடத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ஏரி, பூங்கா மாதிரி இடங்களில் எந்த கேட் என்று சொல்வது முக்கியம். கப்பன் பார்க், லால்பாக்கில் கேட் தவறினால் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். மயக்கம், நெஞ்சு அழுத்தம், குளிர்ந்த வியர்வை இருந்தால் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள்.

வழியில் சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்க வேண்டாம், அறுவை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், நின்ற பிறகு கூடியதா குறைந்ததா, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை போடுகிறீர்கள், இவ்வளவும் ஒரு தாளில் இருந்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது. வலி மாத்திரை போட்டால் நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்று பலர் பயப்படுகிறார்கள். ஆஸ்பத்திரியில் நாங்களே வலிக்கு ஊசி போடுகிறோம். வீட்டில் போட்டுக்கொண்டு, வலி மட்டுப்பட்டதும் ‘சரியாகிவிட்டது’ என்று தங்கிவிடுவதுதான் ஆபத்து.

எல்லாம் சரியாகி மறுபடி ஓடப் போகிறவர்கள், முதல் வாரம் நடையும் ஓட்டமுமாக மாறி மாறிப் போங்கள். பேசினால் மூச்சு வாங்காத வேகம் போதும். அறுவை நடந்திருந்தால் எப்போது எடை தூக்கலாம் என்பதை ஜிம் பயிற்சியாளரிடம் கேட்காதீர்கள். தையல் போட்ட மருத்துவரிடம் கேளுங்கள், கிலோ கணக்கில் கேளுங்கள். தண்ணீர்க் குடம் தூக்குவதும் குழந்தையைத் தூக்குவதும் அந்தக் கணக்கில் சேரும்.